சூடு தணியும் வேளை

குழந்தையின் நோயை வெப்பமானியின் எண்ணைக் கொண்டே மதிப்பிடும் வழக்கம் டெங்குப் பருவத்தில் பெற்றோரை ஏமாற்றிவிடக்கூடியது. மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உடலின் வெப்ப வரம்பை உயர்த்துவதால் உண்டாகும் காய்ச்சல், தொற்றுக்கு எதிரான உடலின் எதிர்வினையே என்பதால், குழந்தை விளையாடி, நீர் அருந்தி, வழக்கம்போல் சிறுநீர் கழித்துவந்தால் 102 டிகிரி பாரன்ஹீட் என்ற எண் மட்டுமே பேரச்சத்துக்குக் காரணமாகாது; மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கோ 100.4 டிகிரியே மருத்துவரிடம் உடனே செல்லப் போதுமானது. டெங்குவில் கணக்கு மாறிவிடுகிறது: பெரும்பாலும் 3 முதல் 7ஆம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கி, வீடு நிம்மதி கொள்ளும் வேளையில்தான், நுண்குழாய்களிலிருந்து பிளாஸ்மா எனப்படும் இரத்தத்தின் நீர்ப்பகுதி கசியத் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடித்து, சிலருக்கு உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் செல்லாத அதிர்ச்சிநிலையில் கொண்டுபோய் விடுகிறது. ஆகவே சூடு தணிந்த பின்னும் கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கைகால் சில்லிடல், மிகுந்த சோர்வு, அமைதியின்மை ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சலுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம் ஆறு மணி நேர இடைவெளியில் பாராசிட்டமால் போதும்; இரத்தப்போக்கைத் தூண்டக்கூடிய ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் விலக்கத்தக்கவை. டெங்கு என்றாலே, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பற்றியே ஊரெங்கும் பேசப்படுகிறது. ஆனால் கசிவை உணர்த்துவது ஹெமட்டோகிரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், உயர்வதே.