தெருவிளக்குக்காக ஒரு கடிதம்



மஃரிப் நேரம் கடந்துவிட்டது. டியூஷன் வகுப்புக்குப் போன மகள் இன்னும் வீடு திரும்பவில்லை. பிரதான வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உள்வீதியால் பத்து நிமிட நடை. வழியில் மூன்று மின்கம்பங்கள். ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. உம்மா கையில் டோர்ச்சுடன் வாசலில் நிற்கிறார். குருநாகல் – தம்புள்ளை வீதியை விட்டு உள்ளே தள்ளி வாழும் கலேவெலச் சகோதரிகளுக்கு இந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

“மெம்பரிடம் சொல்லியிருக்கிறோம்” என்பார் வாப்பா. எப்போது சொன்னார்கள், என்ன பதில் கிடைத்தது என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. மெம்பர் வீட்டுக்கு வந்தபோது முன்மண்டபத்தில் பேசியவர்கள் ஆண்கள். எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, எந்த வடிகான் நிரம்பி நுளம்பு பெருகுகிறது என்பதை அறிந்த பெண்கள் உள்ளே தேநீர் ஊற்றிக் கொண்டிருந்தார்கள். குறை இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். இவையெல்லாம் யாரோ செய்யும் தயவு அல்ல. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைப் பிரதேச சபையின் பொறுப்பில் வைத்திருக்கிறது. எனவே கிராமத்து உள்வீதி, வடிகான், குப்பை அகற்றல் ஆகியவை சபையின் கடமைகள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே கதவைத் தட்ட முடியாது. ஏ, பீ தரப் பிரதான வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சீ, டீ தர வீதிகள் மாகாணத்துக்குரியவை. குழாய் நீர் பெரும்பாலும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு. பிரதான வீதியின் மதகு உடைந்தால் அதைக் கட்டிக்கொடுக்க நம் உறுப்பினரால் முடியாது. சபையில் ஒரு பிரேரணை கொண்டுவந்து, அதை உரிய திணைக்களத்துக்கு அனுப்பிவைக்கவும், பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கவும் அவரால் முடியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொண்டுவந்த மழையையும் வெள்ளத்தையும் கண்ட மாத்தளை மாவட்டத்துக்கு, ஒரு மதகும் ஒரு வடிகானும் எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2023 மார்ச்சில் பதவிக்காலம் முடிந்த பின், பெரும்பாலான சபைகள் இரண்டு வருடங்களுக்கு மேல் உறுப்பினர்கள் இன்றியே இயங்கின. 2025 மே 6ஆம் திகதித் தேர்தலுக்குப் பிறகுதான் கேட்பதற்கு மீண்டும் ஆள் கிடைத்தது. கிடைத்த ஆளை வெறுங்கையுடன் சபைக்கு அனுப்பலாமா?

ஆகவே எழுதுங்கள். நான்கைந்து வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடினால் போதும். வீதியின் பெயர், விளக்கில்லாத கம்பங்களின் இலக்கங்கள், எத்தனை மாதமாக இருட்டு, அவ்வழியே எத்தனை குடும்பங்கள், எத்தனை பிள்ளைகள் நடக்கிறார்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பிரதி உறுப்பினருக்கு, மற்றொன்று சபைக்கு. உங்கள் பிரதியில் திகதி முத்திரையைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் தயாராகும் முன்பே இதைச் செய்யுங்கள். பதில் இல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம், தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்.

“பெண்கள் இதிலெல்லாம் தலையிடுவதா?” என்று கேட்பவர்களும் உண்டு. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் முதல் அதிபரான ஆயிஷா ரவூப் அவர்கள் 1949இலேயே கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவாகி, பின்னர் பிரதி மேயராகவும் இருந்தார். ஆனாலும் அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் நாட்டின் உள்ளூராட்சி மன்றங்களில் பெண்கள் சுமார் 2 வீதமே. 25 வீத ஒதுக்கீடு சட்டமான பின், 2018 தேர்தலில்தான் அது 20 வீதத்தைத் தாண்டியது. எல்லோரும் உறுப்பினராக வேண்டியதில்லை. தன் தெருவைப் பற்றி ஒரு கடிதம் எழுதும் துணிவு எல்லோருக்கும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. பட்டியல் எழுதும்போது முதல் விளக்கு நம் வாசலுக்கே வேண்டும் என்று மனம் சொல்லும். மெம்பர் உறவினராக இருந்தால் அந்த ஆசை இன்னும் கூடும். அங்கேதான் நம் நேர்மைக்குச் சோதனை. அதிகம் பேர் நடக்கும் வளைவும், தனியே வாழும் விதவைத் தாயின் முடுக்கும் முதலில் வரட்டும். அதே வீதியால் நடக்கும் சிங்கள அயலவர்களிடமும் கையொப்பம் வாங்குங்கள். கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதுங்கள். இருட்டு எல்லோருக்கும் ஒன்றுதான். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதையும் நன்மையாகக் கற்றவர்கள் நாம்.

இன்று மாலை டோர்ச்சுடன் வாசலுக்குப் போகும்போது, கம்பத்தின் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.