சிறுநீர்ப்பாதை ஆபரேஷன்: டியூபை எப்போது எடுக்கலாம்?

தர்மபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய், விபத்துகளுக்குப் பெயர்போன நெடுஞ்சாலை. இதுபோன்ற சாலை விபத்துகளில் இடுப்பெலும்பு நொறுங்கினால், ஆண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் பாதையும் அறுந்துபோகலாம். முதலுதவியாக, அடிவயிற்றில் சிறு துளையிட்டுச் சிறுநீர்ப்பைக்குள் டியூப் வைப்பார்கள். பெரும்பாலும் 3 மாதங்கள் கழித்தே, அறுந்த பாதையைச் சீரமைக்கும் ஆபரேஷன் நடக்கும்.

ஆபரேஷன் முடிந்தும் டியூப் எதற்கு?

புதிதாகத் தைத்த இடத்தில் சிறுநீர் கசிந்தால் தொற்று வரலாம். தழும்பு விழுந்து பாதை மறுபடியும் சுருங்கலாம். அதனால் பிறப்புறுப்பு வழியாக ஒரு டியூப், பொதுவாக 2 முதல் 4 வாரங்கள் இருக்கும். சிலருக்கு அடிவயிற்று டியூபும் சேர்ந்தே இருக்கும். ஒன்று அடைத்துக்கொண்டாலும் மற்றொன்று கைகொடுக்கும். டியூபை எடுக்கும் சமயத்தில் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். கசிவு தெரிந்தால் இன்னும் சில நாள்கள் காத்திருக்க வேண்டும்.

வீட்டில் கவனிக்க...

* யூரின் பை, இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்கட்டும். தரையில் படக் கூடாது.
* டியூப் மடங்காமல், இழுபடாமல் பிளாஸ்திரி போட்டிருக்க வேண்டும்.
* சிறுநீர் வராமல் அடிவயிறு வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, ரத்தக்கட்டிகள் வெளியேறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* டியூப் கழன்றுவிட்டால், பக்கத்து கிளினிக்கில் புதிதாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். தையல் கிழிந்துவிடலாம். ஆபரேஷன் செய்த டாக்டரை உடனே அழையுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், ஆபரேஷன் நடந்ததை முதலில் சொல்லுங்கள்.

தொந்தரவாக இருக்கிறதே என்று டியூபை அவசரப்பட்டு எடுக்கச் சொல்லாதீர்கள். தைத்த இடம் ஆறும்வரை அதற்குக் காவல் அந்த டியூப்தான்!