எரிவாயுக் குழாயும் நம்ம சானல் மாதிரி பொதுவாகணும்

தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாடு புத்தனாறு சானல் எல்லாம் வழியாகத்தான் நம்ம வயலுக்கு அணைத் தண்ணி வருது. இதில் ஒரு சானலை அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பண்ணைக்காரர் ஒருத்தரிடம் கொடுத்து, "ஷட்டரை நீங்களே பாருங்க, முதல்ல உங்க வயலுக்குப் பாய்ச்சிட்டு மிச்சத்தை மற்றவங்களுக்கு விடுங்க" என்று சொன்னால் என்ன ஆகும்? அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், கடைமடைக்காரர் கும்பப்பூ அறுக்க மாட்டார். எரிவாயுக் குழாய்களில் நம்ம நாட்டில் இருக்கிறது ஏறக்குறைய இந்த ஏற்பாடுதான்.

இயற்கை விவசாயப் பத்திரிகையில் எரிவாயுக் குழாய்க்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு. ஒன்று, குழாய் போவது விவசாயி நிலத்துக்கு அடியில். இன்னொன்று, நாளைக்கு நம்ம சாணத்திலிருந்து எடுக்கிற வாயுவும் அதே குழாயில்தான் போகணும்.

முதலில் நிலம். 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி குழாய் பதிக்க நிலத்தை விலைக்கு வாங்க வேண்டியதில்லை, பயன்பாட்டு உரிமையை எடுத்துக்கொண்டால் போதும். பயிருக்கான சேதம் போக, நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம்தான் இழப்பீடு. பட்டா நம்ம பேரிலேயே இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் மரம் நடக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, கட்டடம் எழுப்பக்கூடாது. தென்னையையும் ரப்பரையும் நம்பி இருக்கிற நம்ம மாவட்டத்துக்காரருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. கெயில் நிறுவனத்தின் கொச்சி–பெங்களூரு குழாயை எதிர்த்து கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்ட விவசாயிகள் போராடினாங்க. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொல்லி 2013ல் மாநில அரசும் அவங்க பக்கம் நின்றது. கடைசியில் 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் கெயில் பக்கமே தீர்ப்பானது.

இவ்வளவையும் 'பொது நன்மை' என்ற பேரில்தான் எடுக்கிறாங்க. அப்படியானால் குழாயும் பொதுவாகத்தானே இருக்கணும்? ரோடு போட நிலம் கொடுத்தவன், அதில் ஒரு கம்பெனி பஸ் மட்டும்தான் ஓடும் என்றால் ஒத்துக்குவானா?

இப்போ நம்ம பக்கத்துக் கணக்கைப் பாருங்க. கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்குகிற எண்ணூர் முனையம் இந்தியன் ஆயில் குழுமத்துடையது, 2019ல் திறந்தது. எண்ணூரிலிருந்து தூத்துக்குடி வரையிலான குழாயும் அதே நிறுவனத்துடையது. அதில் ராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கி.மீ. பகுதி 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் வீட்டுக்கும் வண்டிக்கும் எரிவாயு விநியோகிக்கும் உரிமமும் 2022ல் அதே நிறுவனத்துக்கே கிடைத்தது. இறக்குறதும், கொண்டு வர்றதும், விற்கிறதும் ஒரே கை. தப்பு செய்தாங்க என்று நான் சொல்லவில்லை. சட்டத்துக்கு உட்பட்டு ஏலத்தில் எடுத்ததுதான். தப்பு செய்ய இடம் கொடுக்கிற அமைப்பைப் பற்றித்தான் பேசுறேன்.

பேங்கில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இது சட்டென்று உறைக்குது. ஒரு பேங்க் தன் டைரக்டருக்கோ, அவருக்குப் பங்கு இருக்கிற கம்பெனிக்கோ கடன் கொடுக்க முடியாது. வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் 1949, பிரிவு 20 அதைத் தடுக்குது. டைரக்டர் எல்லாரும் திருடர் என்று நினைத்து எழுதிய சட்டம் இல்லை அது. கொடுக்கிறவனும் வாங்குறவனும் ஒருத்தனாக இருந்தால் தராசு தானாகவே சாயும் என்று தெரிந்து எழுதியது.

எரிவாயுவுக்கும் அப்படி ஒரு சட்டம் இருக்கு. 2006ல் வந்த பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, குழாயும் நடத்தி எரிவாயுவும் விற்கிற நிறுவனம் ஒரு நடத்தை விதிக்குக் கட்டுப்படணும் என்கிறது. அந்த விதிகள் 2008ல் வந்தன. தேவைப்பட்டால் விற்பனையைத் தனியாகவும், உடைமை உட்படக் குழாயைத் தனியாகவும் பிரிக்கச் சொல்லும் அதிகாரமும் வாரியத்துக்கு அதே பிரிவில் இருக்கு. நாட்டின் குழாய்களில் பெரும்பகுதியை வைத்திருக்கும் கெயிலை அப்படிப் பிரிக்கலாம் என்று அரசே பேசியது. பேச்சு பேச்சாகவே நிற்குது. அமெரிக்காவில் 1992லேயே குழாய்க் கம்பெனிகள் கொண்டு செல்லும் வேலையையும் விற்கிற வேலையையும் பிரிக்கணும் என்று உத்தரவு வந்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2009ல் அந்த வழிக்கு வந்தது.

இனி நம்ம சாணத்துக்கு வருவோம். பயோகேஸ் ஆலைகளை ஊக்குவிக்க ஒன்றிய அரசு 2018 அக்டோபரில் 'சதத்' திட்டத்தைத் தொடங்கியது. 2023-24க்குள் 5,000 ஆலைகள் என்பது இலக்கு. அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. பிறகு, எரிவாயு விநியோக நிறுவனங்கள் பயோகேஸைக் கலந்தே ஆகணும் என்று விதி கொண்டு வந்தாங்க. 2025-26ல் 1 சதவீதம், அடுத்த வருஷம் 3, அதற்கடுத்து 4, 2028-29லிருந்து 5 சதவீதம். ஆலையில் மிஞ்சுகிற நொதித்த உரத்துக்கு டன்னுக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையும் 2023ல் அறிவித்தாங்க. நமக்கு வாயுவைவிட இந்த உரம்தான் பெரிய விஷயம். நாலு ஊர் மாட்டுச் சாணமும், மார்க்கெட்டில் அழுகுற வாழைத்தாரும் சேர்ந்தால் நிலத்துக்கு நல்ல எரு கிடைக்கும்.

ஆனால் வாயு விற்றால்தான் ஆலை ஓடும், ஆலை ஓடினால்தான் எரு கிடைக்கும். எண்ணெய் நிறுவனங்களே இப்போ சொந்தமாகவும் கூட்டாகவும் பயோகேஸ் ஆலை போடுறாங்க. நாளைக்கு ஒரு உழவர் உற்பத்தியாளர் கம்பெனி கடன் வாங்கி ஆலை கட்டி, சுத்திகரித்த வாயுவோடு குழாய் வாசலில் போய் நின்றால், முதலில் யாருக்கு இணைப்பு கிடைக்கும்? "இப்போ இடமில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றால் தவணை யார் கட்டுறது? பெரிய கம்பெனி ஆறு மாசம் தாங்கும். நாம தாங்க மாட்டோம்.

கோடிக்கணக்கில் முதல் போட்டவனுக்கு முன்னுரிமை இல்லையா என்று கேட்பாங்க. போட்ட முதலுக்குக் கட்டணம் கிடைக்குதே. வாரியமே கட்டணம் நிர்ணயிக்கிற குழாய்களில், வரி போக 12 சதவீத வருமானம் கிடைக்கிற மாதிரிதான் கணக்குப் போடுறாங்க. பிக்சட் டெபாசிட்டில் இது கிடைக்குமா? ரோட்டுக்குச் சுங்கம் வாங்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி யாருடையது என்று பார்த்து கேட்டைத் திறக்கக் கூடாது.

நாம கேட்க வேண்டியது நாலுதான். ஒவ்வொரு இடத்திலும் குழாயில் எவ்வளவு இடம் காலி, யாருக்கு எவ்வளவு கொடுத்தாங்க என்பதை எல்லாரும் பார்க்கிற மாதிரி தினமும் வெளியிடணும். சொந்த ஆலைக்கும் உழவர் ஆலைக்கும் ஒரே கட்டணம், ஒரே கெடு. இணைப்பு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்கணும். கடைசியாக, 2006 சட்டம் கொடுத்த அதிகாரத்தை வாரியம் பயன்படுத்தி, குழாயை விற்பனையிலிருந்து பிரிக்கணும்.

வாரியம் புதிய விதிகள் கொண்டு வரும்போது வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்கிறது. நம்ம சங்கங்களும் எழுதணும். நாகர்கோவிலில் நடக்கிற விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில், சானலில் தண்ணி வரலைன்னு கேட்கிற அதே குரலில் இதையும் கேட்போம். குழாய் வந்து பட்டா நிலத்தில் கல் நட்ட பிறகு கேட்பதைவிட, இப்பவே கேட்பது நல்லது.