மலிவு விலை மடக்கு மின்மிதிவண்டி: ஒரு பெயரும் நான்கு பொய்களும்

ஒரு பொருளுக்குப் பெயர் சூட்டுபவர், அதைப் பற்றி எவை கேட்கப்படலாம், எவை கேட்கப்படலாகாது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறார். இந்தியாவின் இணையக் கடைகளில் 25,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை விற்கப்படும் 'மலிவு விலை மடக்கு மின்மிதிவண்டி' இதற்கு நல்ல சான்று. அத்தொடரில் தலைச்சொல் 'மிதிவண்டி'. 'மலிவு', 'மடக்கு', 'மின்' என்பன அதன் அடைகள். விற்பவர் உணர்த்தும் பொருளில் இந்நான்கில் ஒன்றுகூட நிலைப்பதில்லை.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. இவ்வண்டியின் விளம்பரங்கள் குறிவைக்கும் கூட்டத்தில் முதல் வரிசையில் நிற்பவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். காரக்பூர் ஐ.ஐ.டி. வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 2,100 ஏக்கர். அத்தகைய வளாகங்களில் விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் இடையே நாள்தோறும் பல கிலோமீட்டர் அலைபவருக்கு இவ்வண்டி ஒரு வரமாகவே தோன்றும். ஆனால் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 'நெட்' அல்லாத உதவித்தொகை பெறும் முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைப்பது மாதம் 8,000 ரூபாய். அவர் 32,000 ரூபாய் வண்டி ஒன்றை வாங்கினால், நான்கு மாத வாழ்க்கையை அடகு வைக்கிறார். அந்த அடகின் விதிமுறைகளை அவருக்கு யாரும் படித்துக் காட்டுவதில்லை.

முதலில் தலைச்சொல். 'மிதிவண்டி' என்றதும் உரிமம் வேண்டாம், பதிவு வேண்டாம், காப்பீடு வேண்டாம் என்ற முழக்கம் பின்தொடர்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் விதி 2(யு) சில நிபந்தனைகளோடு இந்த விலக்கை அளிப்பது உண்மை. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாக இருத்தல் வேண்டும். மிதி உதவி வண்டியாயின், ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்தியதும் மோட்டாரும் நிற்றல் வேண்டும். இவை அனைத்தும் விதி 126-இல் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்றினால் சரிபார்க்கப்பட்டிருத்தல் வேண்டும். விலக்கு பிறப்பது அந்தச் சான்றிதழிலிருந்து. விற்பவரின் வாய்ச்சொல்லிலிருந்து அன்று.

விதியின் சொல்லாட்சியைக் கவனிக்க வேண்டும். அது 'மிகாத' என்று கூறவில்லை. 'குறைவான' என்றே கூறுகிறது. ஆயினும் கடைகளில் '250 வாட்' என்று பெருமையோடு எழுதப்பட்ட வண்டிகள் தாராளமாக விற்கின்றன. அந்த 250 எந்த முறையில் அளக்கப்பட்டது, சோதனைச்சாலையில் எவ்வளவு காட்டியது என்பதைச் சான்றிதழ் மட்டுமே சொல்லும். அதை எத்தனை விற்பனைப் பக்கங்கள் காட்டுகின்றன? இன்னொரு வகை விற்பனை இதனினும் துணிச்சலானது. திரையில் உள்ள அமைப்பை மாற்றினால் வேக வரம்பு நீங்கிவிடும் என்று அதையே ஒரு சிறப்பம்சமாகச் சொல்லி விற்கிறார்கள். வரம்பு நீங்கிய அந்த நொடியில் வண்டி மிதிவண்டி என்ற தகுதியை இழந்து, பதிவில்லாத மோட்டார் வாகனம் ஆகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 181-இன்படி உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய் அபராதம். பிரிவு 196-இன்படி காப்பீடின்றி ஓட்டுவதற்கு முதல் முறை 2,000 ரூபாய். அபராதமாவது கட்டித் தீரும் தொகை. ஒரு முதியவர் மீது வண்டி மோதினால், மூன்றாம் நபர் காப்பீடு இல்லாத நிலையில் இழப்பீட்டுச் சுமை முழுவதும் ஓட்டியவர் தலையில் விழும். விற்றவர் அந்த வழக்கில் எங்கும் தென்படமாட்டார்.

அடுத்தது 'மின்'. '50 கிலோமீட்டர் ஓடும்' என்பது விளம்பரங்களில் வழக்கமாகக் காணப்படும் வாக்கு. பள்ளிக் கணக்கு ஒன்று போதும். இவ்விலையில் கிடைக்கும் வண்டிகளில் 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி அளவுள்ள மின்கலம் பரவலாகக் காணப்படுவது. இரண்டையும் பெருக்கினால் 270 வாட்-மணி. மிதிக்காமல் கைப்பிடியைத் திருகி மட்டுமே ஓட்டினால், சமதளத்தில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 10 முதல் 15 வாட்-மணி செலவாகும். ஆக 18 முதல் 27 கிலோமீட்டர். 50 என்ற எண்ணை எட்ட வேண்டுமாயின் மீதத்தைக் கால்கள்தாம் ஈடுசெய்ய வேண்டும். அதாவது, விளம்பரத்தில் மின்கலத்தின் சாதனையாகக் காட்டப்படுவதில் பாதி வாங்கியவரின் தசைகளுடைய சாதனை. வாட்-மணி என்ற ஒற்றை எண் பெட்டியின்மேல் பெரிதாக அச்சிடப்பட்டிருந்தால் இந்தப் பொய் ஒரு நிமிடமும் நிற்காது.

மூன்றாவது 'மடக்கு'. மடங்குவது எதற்காக? பேருந்திலும் தொடர்வண்டியிலும் எடுத்துச் செல்வதற்காக. பெங்களூரு மெட்ரோ 2021-இல் மடக்கு மிதிவண்டிகளை அனுமதித்தபோது விதித்த வரம்பு 15 கிலோ எடை. 60, 45, 25 சென்டிமீட்டர் அளவு. மலிவு விலை மின்வண்டிகளின் எடை பெரும்பாலும் 18 கிலோவைத் தாண்டும். 25 கிலோவை நெருங்குவனவும் உண்டு. 20 அங்குலச் சக்கரத்தின் விட்டம் டயரோடு சேர்த்து ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். சக்கரம் ஒன்றே அந்த வரம்புக்குள் அடங்காது. வானூர்தியைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை: பயணிகள் விமானத்தில் 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் மின்கலத்துக்கு இடமில்லை. எனவே வண்டி மடங்கும். மடங்கிய வண்டி செல்லுமிடம் விடுதி அறையின் கட்டிலடி. 'மடக்கு' என்ற அடை உணர்த்துவது பயணம். கிடைப்பது மூலையில் கொஞ்சம் இடம். அதற்காகச் சட்டத்தின் நடுவே ஒரு கீல், கைப்பிடித் தண்டில் இன்னொரு கீல் என்று தேயும் இணைப்புகள் இரண்டு கூடுகின்றன. நம் சாலைக் குழிகளில் சிறிய சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அவை அடி வாங்குகின்றன.

நான்காவது 'மலிவு'. ஒரு முறை முழுதாக மின்னேற்ற, இழப்புகளையும் சேர்த்து மூன்றில் ஒரு யூனிட் மின்சாரம் போதும். யூனிட் 8 ரூபாய் என்றாலும் மூன்று ரூபாய் ஆகாது. விளம்பரம் இங்கே நின்றுவிடுகிறது. கணக்கோ இங்கேதான் தொடங்க வேண்டும். லித்தியம் மின்கலம் சில நூறு முழு மின்னேற்றங்களில் தேய்வது. வெப்பத்தில் முழு மின்னேற்றத்தோடு சும்மா கிடந்தாலும் முதிர்வது. அதை மாற்றும் நாளில் வண்டி விலையின் கணிசமான பகுதியை மீண்டும் கொடுக்க வேண்டும். அந்த வடிவத்தில், அந்த இணைப்பானோடு கூடிய மின்கலம் அப்போது கிடைக்குமா என்பதற்கு எழுத்தில் உறுதி கிடையாது. வரியும் இந்தக் கதைக்குத் துணை போகிறது: மின்மிதிவண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு, தனியாக வாங்கும் லித்தியம் அயனி மின்கலத்துக்கு 18 விழுக்காடு. புதியதை வாங்குபவருக்குச் சலுகை, பழையதைக் காப்பாற்றுபவருக்குத் தண்டனை. மோட்டாரே இல்லாத சாதாரண மிதிவண்டிக்கு 2025 செப்டம்பர் வரை 12 விழுக்காடு வரி இருந்தது என்பதையும் இங்கே நினைவுகூர வேண்டும்.

அரசின் மானியமும் இவ்வண்டியைக் கண்டதில்லை. 2019-இல் தொடங்கிய 'ஃபேம்' இரண்டாம் கட்டமும் 2024-இன் 'பி.எம். இ-டிரைவ்' திட்டமும் பதிவு பெறும் மின் இருசக்கர வாகனங்களை ஊக்குவித்தன. வாகனம் அன்று என்பதால் மின்மிதிவண்டிக்கு அவற்றில் இடமில்லை. தில்லி அரசு 2022-இல் மின்மிதிவண்டிக்கு 5,500 ரூபாய் வரை அறிவித்தது போன்றவை விதிவிலக்குகள். மானியம் கேட்கும்போது 'இது வாகனம் அன்று'. மோதிய பிறகு 'இது வாகனம்'. இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அகப்படுபவர் ஒரே ஆள்.

'வாங்குபவர்தாம் விழிப்பாக இருக்க வேண்டும்' என்பது வழக்கமான மறுமொழி. தகவல் மறைக்கப்பட்ட இடத்தில் விழிப்பு என்பது வெறும் பழிசுமத்தல். முப்பது நிமிடத் திறன் என்றால் என்ன என்று மாணவர் அறிந்திருக்க வேண்டும், விற்பவர் அறிவிக்கத் தேவையில்லை என்பது என்ன நியாயம்? 'இவ்வாறு பேசினால் மக்கள் மீண்டும் பெட்ரோலுக்கே போவார்கள்' என்பது இன்னொரு மறுமொழி. இரண்டாண்டில் மின்கலம் சோர்ந்து, மாற்று கிடைக்காமல் விடுதிக் கொட்டகையில் துருப்பிடிக்கும் வண்டியே பெட்ரோலுக்கு மிகச் சிறந்த விளம்பரம். மின்மிதிவண்டி நல்ல கருத்து. அதனாலேயே அது பொய்யின் மேல் விற்கப்படலாகாது.

கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வொரு விற்பனைப் பக்கத்திலும் ஐந்து தகவல்கள் கட்டாயமாக்கப்பட வேண்டும்: மின்கலத்தின் வாட்-மணி, வண்டியின் எடை, மடித்த நிலையில் அளவு, மாற்று மின்கலத்தின் விலையும் அது கிடைக்கும் என்று உறுதியளிக்கும் ஆண்டுகளும், சோதனை நிறுவனத்தின் சான்றிதழ். மாற்று மின்கலத்தின் வரி வண்டியின் வரிக்கு இணையாகக் குறைக்கப்பட வேண்டும். பல்கலைக்கழகங்கள் அறைக்குள் மின்னேற்றத்தைத் தடைசெய்யும் சுற்றறிக்கையோடு கடமை முடிந்ததென்று கருதலாகாது. தீயணைப்பு வசதியுடன் கூரையிட்ட மின்னேற்ற நிலையம் ஒன்றை ஒவ்வொரு விடுதி வளாகத்திலும் அமைக்க வேண்டும். மாணவர் பேரவைகள் இதைத் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அதுவரை, வாங்க நினைப்பவர் விற்பவரிடம் அந்த ஐந்தையும் எழுத்தில் கேட்கட்டும். ஐந்தில் இரண்டுக்காவது விடை வராவிட்டால், அந்த 32,000 ரூபாயில் ஒரு சிறு பகுதிக்கு மோட்டார் இல்லாத நல்ல மிதிவண்டி ஒன்று கிடைக்கும். அதன் பெயரில் ஓர் அடைச்சொல்லும் இல்லை; கேட்டு ஏமாறவும் ஒன்றுமில்லை.