முகிலுக்கு விதையிடுவோர் கடமை

2019ஆம் ஆண்டு பங்குனி மாதத்திலே கீழ்வகுப்பொன்றிற் குறளின் வான்சிறப்பு அதிகாரத்தைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். கடவுள் வாழ்த்தை அடுத்து வள்ளுவர் மழையை வைத்தமை ஏன் என வினவினோம். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, மவுசாகலையிலே விமானப் படையினர் மழை பெய்வித்துவிட்டார்களே, இனி அந்த அதிகாரம் எதற்கு?" என்றான். வகுப்பு நகைத்தது. எமக்கு நகை வரவில்லை.

அவன் கூறிய செய்தி உண்மையே. மலைநாட்டு நீர்த்தேக்கங்கள் வற்றி மின்னுற்பத்தி குன்றிய அவ்வேளையில், தாய்லாந்தின் அனுபவத்தைத் துணைக்கொண்டு மவுசாகலைக்கு மேலே முகிலுக்கு விதையிட்டனர், மழையும் பெய்தது.

இவ்வித்தையின் தொடக்கம் 1946இல். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் உறையாது நிற்கும் நீர்த்துளிகள் முகிலில் உண்டு. ஷேபர் என்னும் அமெரிக்கர் அவ்வாண்டு கார்த்திகையில் விமானமேறி, திண்மமாக்கிய காபனீரொட்சைட்டை அத்தகைய முகிலொன்றிலே தூவினார், பனி உதிர்ந்தது. வெள்ளியயடைட்டின் பளிங்கு பனிக்கட்டியின் பளிங்கை ஒத்திருத்தலை வொனகற் என்பார் கண்டதும் அதே ஆண்டிலேயாம். வெப்ப நாடுகளின் தாழ்ந்த முகில்களுக்கோ உப்புத்தூளே விதை; அது ஈரத்தை ஈர்த்துத் துளியைப் பருக்கச் செய்யும்.

ஆயினும் பெய்த மழை விதையால் வந்ததா, விதையாவிடினும் வந்திருக்குமா? தானாகவே சித்தியடையவல்ல மாணவனைத் தனி வகுப்பிற் சேர்த்துக்கொண்டு, அவன் பெற்ற புள்ளிகளுக்குத் தாமே காரணரென்று பலகை நாட்டுவோரை நாம் அறிவோம். (அவர்களுட் சிலர் எம் நண்பர், பொறுத்தருள்வாராக.) ஒரு நாண் மழையைக் கொண்டு வெற்றி முழங்குவதும் அத்தகையதே. அமெரிக்காவின் ஐடகோ மலைகளில் 2017 தையிலே ராடர் கொண்டு ஆராய்ந்தோர், மூன்று நாள் விதைப்பால் ஏறக்குறைய 7 இலட்சம் கன மீற்றர் நீருக்குரிய பனி வீழ்ந்ததெனக் கணித்தனர். எனவே இது வெறும் மாயமன்று. இசுரவேலரோ 2013 முதல் 2020 வரை செய்த சோதனையில் உறுதியான பயன் காணாமையால் அம்முயற்சியைக் கைவிட்டனர். விதைக்கும் நாளையும் விதையா நாளையும் நாணயஞ் சுண்டித் தீர்மானித்து, பல பருவங்கள் ஒப்பிட்ட பின்னன்றோ இவர்கள் பேசினார்கள்?

இனிப் பொறுப்பைப் பற்றிப் பேசுவோம். 1972 ஆனி 9ஆந் திகதி தென் டக்கோட்டாவின் ரப்பிட் சிற்றியில் வெள்ளம் 238 உயிர்களைக் கொண்டது. அன்றே அப்பகுதியில் முகில் விதைப்புச் சோதனையும் நடந்திருந்தது. வெள்ளத்திற்கு அது காரணமன்று என அறிஞர் கூறினர். மக்கள் மனம் ஆறவில்லை, வழக்கும் எழுந்தது. மண்சரிவு அஞ்சப்படும் எம் மலைநாட்டிலே, விதைப்பதற்கு முன்னர் கீழுறையும் தோட்டத் தொழிலாளருக்கு அறிவிப்பவர் யார்? இழப்பீடு எவருடையது? மின்னுக்காக வேண்டிய மழை மரக்கறிச் செய்கையைக் கெடுத்தால், அக்கமக்காரன் எந்தக் கந்தோரின் படியேறுவான்? விமானம் எழுமுன் இவற்றிற்கு எழுத்தில் விடை இருத்தல் வேண்டும். அளவீடுகளையும் விதைத்தவர் அல்லாத பிறர் சரிபார்த்து வெளியிடுதல் வேண்டும் என்பது எமது கருத்து.

யாழ்ப்பாணத்தார் இதிலே மயங்குதற்கு இடமில்லை. முகிலிருந்தாலன்றோ விதையிடலாம்? ஆடி ஆவணியில் எம் வானம் வெறிதே கிடக்கின்றது. ஐப்பசி முதல் மார்கழி வரை முகில் வரும். அப்பொழுதோ பெய்யும் நீரே தேங்க இடமின்றி வாய்க்கால் வழியே கடலுக்கு ஓடுகின்றது. குளங்களிற் பல தூர்ந்தன; சில மதிலுக்குட் போயின. ஆறற்ற குடாநாட்டிலே சுண்ணாம்புக் கல்லினடியில் ஊறும் நீரே எமக்குக் குடிநீர்.

அம்மாணவனுக்கு அன்று நாம் உடனே விடை கூறவில்லை. மறுநாள் வகுப்பு முழுவதையும் கல்லூரிக்கு அண்மையிலுள்ள கேணிக்கு அழைத்துச் சென்றோம். அதன் படிகளுள் மூன்றே மண்ணுக்கு மேலே தெரிந்தன.