பார்த்துவிட்டுத் திட்டுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுக் கொமெண்ட் போடுங்கள்.

போன கிழமை எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு குரல் பதிவு சுற்றியது. பிள்ளைகள் போனில் கொரியா, தாய்லாந்து நாடகம் பார்க்கிறார்களாம், ஆணும் ஆணும் காதலிக்கிற கதையாம். தமிழிலும் அப்படி ஒன்று வந்துவிட்டதாம், அதில் முஸ்லிம் பெயர் வேறு வைத்திருக்கிறார்களாம். கடைசியில் அந்தச் சகோதரர் சொன்னார்: "நான் பார்க்கவில்லை, பார்க்கவும் மாட்டேன்." பார்க்காத ஒன்றைப் பற்றி ஏழு நிமிடம் பேசுவது எப்படி?

நான் பார்த்தேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பார்த்தேன் என்பதையும் ஒளிக்கவில்லை.

அவர் சொன்ன தமிழ்ப் படம் 'தங்கம்'. 2020 டிசம்பரில் நெட்பிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய குறும்படம். எண்பதுகளின் தமிழ்நாட்டுக் கிராமம். சத்தார் ஆண் பிள்ளையாகப் பிறந்து தன்னைப் பெண்ணாக உணர்கிறார். சிறுவயதுத் தோழன் சரவணன் மீது அவருக்குக் காதல். சரவணனுக்கோ சத்தாரின் தங்கை சாஹிரா மீது காதல். மனம் உடைந்தாலும் அந்த இருவரும் ஊரைவிட்டுப் போக சத்தார்தான் உதவுகிறார். ஒரு வருடம் கழித்து அவர்கள் குழந்தையோடு திரும்பி வரும்போது சத்தார் இல்லை. ஊர் அவரைச் சிதைத்துவிட்டது. உதவி கேட்டபோது யாரும் கை கொடுக்கவில்லை.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். காளிதாஸ் ஜெயராமின் நடிப்பு. தமிழ்ப் படங்களில் இப்படியான பாத்திரம் வந்தாலே சிரிக்கப் பழகிய நாங்கள், இதில் சிரிக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறோம். அடுத்தது, முஸ்லிம் வீட்டை மட்டும் கெட்டதாகக் காட்டவில்லை. மானம் என்று வந்ததும் இரண்டு வீடும் ஒரே மாதிரித்தான் நடக்கின்றன. "எங்களைக் கேவலப்படுத்தும் படம்" என்பவர்கள் இதைப் பார்க்கவில்லை.

குறையும் உண்டு, பெரிய குறை. சத்தாரை ஒரு தியாகியாக மட்டும் வைத்திருக்கிறார்கள். கொடுப்பதும் சாவதும்தான் அவர் வேலை. அவர் செத்தால்தான் எங்களுக்குக் கண்ணீர் வரும் என்று படமே நினைக்கிறது. எண்பதுகளில் வைத்ததால் "அது அந்தக் காலம்" என்று நாங்கள் தப்பித்துக்கொள்ளவும் முடிகிறது.

பிள்ளைகள் பார்க்கும் கொரிய நாடகங்களில் ஒன்றையும் பார்த்தேன். 2020இல் வந்த 'வேர் யுவர் ஐஸ் லிங்கர்'. எட்டே எட்டுப் பகுதிகள். பணக்கார வீட்டு வாரிசும், அவனுக்குப் பாதுகாவலாகக் கூடவே வளர்ந்த நண்பனும். கூச்சல் இல்லை, ஒரு பார்வையில் கதை நகர்கிறது. அது அதன் பலம். பலவீனம், அங்கே ஊரே இல்லை. மாமி மச்சான் இல்லை, கடை வாசலில் நின்று கதைக்கிற கூட்டம் இல்லை.

ஆக, அவர்களுடைய நாடகத்தில் ஊர் இல்லாததால் பிள்ளை பிழைக்கிறான். எங்களுடைய படத்தில் ஊர் இருப்பதால் பிள்ளை சாகிறது. ஊரும் இருந்து பிள்ளையும் உயிரோடு இருக்கிற கதையை இரண்டுமே சொல்லவில்லை. அதை நாங்கள்தான் செய்து காட்ட வேண்டும்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் ஒரு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். மெல்லிய குரல், மெல்லிய நடை. கணக்கில் விடை ஒன்பது என்று வந்தால் வகுப்பே திரும்பி அவனைப் பார்த்துச் சிரிக்கும். கல்வியியற் கல்லூரியில் சிறுவர் உளவியல் படித்துப் பாஸான நான், ஒருநாள் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று என் சிரிப்பை மறைத்தேன். அவன் அதைக் கண்டான். சாதாரண தரம் எழுதாமலே நின்றுவிட்டான். அவன் எந்த நாடகமும் பார்த்துக் கெட்டவன் இல்லை. ஆணை விரும்புகிறவன் வேறு, தன்னைப் பெண்ணாக உணர்பவர் வேறு, குரல் மெல்லியவன் வேறு. எங்கள் ஊருக்கு மூவருக்கும் ஒரே வசைச்சொல்தான்.

"டீச்சர், நீங்களே ஹராமை ஹலால் ஆக்கலாமா?" என்று கேட்பீர்கள். நான் மார்க்கத் தீர்ப்புச் சொல்லவில்லை, அது ஆலிம்களின் வேலை. ஆனால் ஒருவரை ஒருவர் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் சூட்டாதீர்கள் என்று சூரா ஹுஜுராத் தடுப்பதை எந்த ஆலிமும் மறுக்க மாட்டார். அந்த ஹராமைப் பற்றி யாரும் ஏழு நிமிடக் குரல் பதிவு போடுவதில்லையே?

1990 ஒக்டோபரில் எங்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது அயலவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சிலர் அழுதார்கள் என்று உம்மா சொல்லுவா. அவர்கள் தலைக்கு மேல் துப்பாக்கி இருந்தது. வகுப்பறையில் ஒரு பிள்ளையை விரட்டும்போது பார்த்துக்கொண்டு நிற்கும் எங்கள் தலைக்கு மேல் என்ன இருக்கிறது? "ஊரை விட்டுப் போ" என்ற சொல்லின் கனம் தெரிந்த சனம் நாங்கள்.

பிள்ளையின் போனைப் பறிப்பது உங்கள் விருப்பம். பறிக்கும் முன் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: "உங்கட வகுப்பில் யாரையாவது அப்படிக் கூப்பிடுகிறீர்களா?"

பதிலைக் கேட்டுவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள். வஸ்ஸலாம்.