பிள்ளையை யாரிடம் விடுவது?

மகன் லண்டனில் இருக்கிறான். மருமகளும் வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தை ஒன்று இருக்கிறது.

பாட்டி விமானம் ஏறிப் போகிறாள். பேரனைக் குளிப்பாட்டுகிறாள். சோறு ஊட்டுகிறாள். தாலாட்டித் தூங்க வைக்கிறாள். ஆறு மாதம் ஓடிப்போகிறது. விருந்தாளி விசாவில் அதற்கு மேல் தங்க முடியாது. பாட்டி ஊருக்குத் திரும்பி விடுகிறாள்.

மறுநாள் காலை குழந்தையை யார் பார்ப்பது?

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல வீடுகளில் இன்று இதே கவலைதான். "பக்கத்துத் தெருவில் நம்ம ஊர் அம்மாள் ஒருத்தி இருக்கிறாள். கையில் காசு கொடுத்தால் போதும், பார்த்துக்கொள்வாள்" என்று யாராவது சொல்வார்கள். பேசுவது தமிழ். ஊட்டுவது ரசஞ்சோறு. கூலியும் குறைவு. மனம் உடனே சரி என்று சொல்லிவிடும்.

கொஞ்சம் பொறுங்கள். அந்த அம்மாள் பதிவு செய்துகொண்டவளா?

இங்கிலாந்தில், கூலிக்குப் பிள்ளைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்குச் 'சைல்டு மைண்டர்' என்று பெயர். பெரும்பாலும் பெண்கள். ஆண்களும் சிலர் உண்டு. 8 வயது ஆகாத பிள்ளையை ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கூலிக்குப் பார்த்தால், பதிவு கட்டாயம். பதிவு செய்யாமல் பார்ப்பது சட்டவிரோதம். பாட்டி, அத்தை போன்ற நெருங்கிய உறவினருக்கு இது இல்லை.

போருக்குப் பிறகு வந்த சட்டம்

இது இன்று நேற்று வந்ததல்ல. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் பெண்கள் திரள்திரளாகத் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக அரசாங்கம் காப்பகங்களைத் திறந்தது. போர் முடிந்ததும் பலவற்றை மூடிவிட்டது. வேலைக்குப் போன தாய்மார்கள் என்ன செய்வார்கள்? அக்கம்பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை விட்டார்கள்.

1948-ம் ஆண்டு சட்டம் வந்தது. கூலிக்குப் பிள்ளை பார்ப்பவர்கள் உள்ளூர் அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2001-ம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் இந்தப் பொறுப்பு 'ஆப்ஸ்டெட்' என்ற அமைப்பிடம் இருக்கிறது. பள்ளிக்கூடங்களைச் சோதிப்பதும் அதுதான்.

பதிவு என்றால் வெறும் காகிதம் அல்ல. அந்த வீட்டில் வசிக்கும் 16 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மீதும் போலீஸ் வழக்கு உண்டா என்று விசாரிக்கிறார்கள். கணவனுக்கும் விசாரணை உண்டு. வளர்ந்த மகனுக்கும் உண்டு. பிள்ளையைப் பார்ப்பவர் முதல் உதவிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். குழந்தையின் தொண்டையில் திராட்சைப் பழம் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நமக்குத் தெரியுமா?

பிள்ளையை அடிக்கக் கூடாது. செல்லமாக ஒரு தட்டு தட்டினேன் என்ற பேச்சுக்கே இடமில்லை.

எண்ணிக்கைக்கும் கட்டுப்பாடு உண்டு. 8 வயதுக்குக் கீழே 6 பிள்ளைகள்தான். அதில் 5 வயதுக்குக் கீழே 3 பேர். 1 வயது ஆகாத குழந்தை ஒன்றே ஒன்று. அவருடைய சொந்தப் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்த்தி. உடன்பிறந்த குழந்தைகளுக்காகச் சில விலக்குகள் உண்டு.

பெரிய காப்பகத்தைவிடச் சில தாய்மார்கள் இதை விரும்புவது இதனால்தான். கூட்டம் இல்லை. தினமும் அதே முகம். அதே மடி. சமையல் வாசனை வரும் வீடு. அக்காளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரத் தம்பியும் கூடவே நடந்து போகலாம்.

சிநேகிதிகள் செய்த குற்றம்

சட்டம் சில சமயம் எல்லை மீறியதும் உண்டு. 2009-ம் ஆண்டு நடந்தது இது. போலீசில் வேலை பார்த்த இரண்டு சிநேகிதிகள், ஒருவர் பிள்ளையை மற்றவர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். காலணா கைமாறவில்லை. 'உதவிக்கு உதவி செய்வதும் கூலிதான், பதிவு எங்கே?' என்று கேட்டுவிட்டது ஆப்ஸ்டெட்! நாடே கொதித்தது. பிறகு, பணம் வாங்காத சிநேகிதர்களுக்குப் பதிவு வேண்டாம் என்று விதியைத் திருத்தினார்கள்.

வேறு குறைகளும் இருக்கின்றன. சைல்டு மைண்டருக்குக் காய்ச்சல் வந்தால், அன்று குழந்தையைப் பார்க்க ஆள் கிடையாது. வீட்டில் அவர் ஒருத்திதான். இரண்டாவது கண் இல்லை. சோதனை அதிகாரியும் தினமும் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வருவார். இதற்கெல்லாம் மேலே, ஆளே குறைந்து வருகிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இங்கிலாந்தில் இவர்கள் ஏறக்குறைய பாதியாகி விட்டார்கள்.

இருந்தாலும், பதிவு இல்லாத வீட்டைவிடப் பதிவு உள்ள வீடே மேல் என்போம். நாளை ஏதாவது நடந்தால் கேட்க ஓர் இடம் இருக்கிறது. பதிவில்லாத வீட்டில் யாரைப் போய்க் கேட்பது? அழத்தான் முடியும்.

அடுத்த முறை மருமகள் டெலிபோனில் பேசும்போது, "பேரன் சாப்பிட்டானா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "அந்த அம்மாளின் சான்றிதழைப் பார்த்தாயா? பதிவு எண்ணை வாங்கினாயா?" என்றும் கேளுங்கள். அந்த எண் கையில் இருந்தால், சோதனை நடந்த வீடாக இருந்தால், அதிகாரி எழுதிய அறிக்கையை எவரும் படிக்கலாம். காசு கிடையாது. எண்ணைச் சொல்ல அந்த அம்மாள் தயங்கினால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகச் சொல்லுங்கள்.